பொம்மைப் படங்களில் முதல் இடம்

கலைப் படைப்புக்கு மார்க் போடுவது பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பொருந்தும், எழுத்தாளனுக்கு ஆகாது என்று இந்தப் பக்கங்களில் இரண்டு மூன்று தடவையாவது எழுதியிருப்பேன். வாசகர்கள் அதை மறந்திருக்க வேண்டும் என்று பிரார்த்தித்துக்கொண்டு, இந்த மாதம் நானே சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்திருக்கிறேன். காரணம், என் அக்கா வீட்டில் நடந்த ஒரு தகராறு.

அக்கா வீடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. என் சிறு வயதில் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதுதான் அந்தப் பிரதேசத்துக்கு விலாசம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்காரர்கள் கார் செய்ய ஆரம்பித்தார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து தொழிற்சாலை திறந்தார்கள். பிறகு லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. இப்போது வழி கேட்டால் எந்தக் கம்பெனி, எத்தனையாவது கேட் என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். பெரிய சாலையில் ஜப்பானிய எழுத்திலும் கொரிய எழுத்திலும் பலகை மாட்டிய விடுதிகள் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே, வாழை இலையில் மூன்று கறியோடு சாப்பாடு போடும் மெஸ் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கூட்டத்துக்குக் குறைவில்லை.

அக்காவின் மகன் ஒரு கார்த் தொழிற்சாலையில் லைனில் வேலை பார்க்கிறான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தொழிற்சாலை மூடிக் கிடந்தபோது அவனுக்குப் பொழுது போகவில்லை. அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மூன்று தவணையாக, ஜிப்ளி என்ற ஜப்பானிய ஸ்டூடியோவின் 21 சித்திரப் படங்களை நெட்ஃபிளிக்ஸில் போட்டார்கள். பையன் ஒன்று விடாமல் பார்த்துவிட்டான். அப்போது கைக்குழந்தையாக இருந்த அவன் பெண்ணுக்கு இப்போது ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு அதே படங்களை மறுபடியும் பார்க்கிறான். அக்காவும் கீரை ஆய்ந்தபடியே கூட உட்கார்ந்து பார்க்கிறாள். இப்படியாக அந்த வீட்டில் மூன்று ரசிகர்கள் உருவாகி, எது முதல் படம் என்பதில் மூன்று கட்சிகளும் ஏற்பட்டுவிட்டன. தகப்பனுக்கு ‘ஸ்பிரிட்டட் அவே’. மகளுக்கு ‘டோட்டோரோ’. அக்கா சொன்னது ‘பொம் போக்கோ’. கதை எழுதுகிறவன் வந்திருக்கிறான், தீர்ப்புச் சொல்லட்டும் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். குழந்தை என்னைத் ‘தாத்தா’ என்று கூப்பிட்டாள். முறை சரிதான். ஆனாலும் நாற்பத்தாறு வயதில் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்வது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வார இறுதிகளில் ஏழு படங்கள் பார்த்தோம். பேச்சு ஜப்பானிய பாஷை, கீழே ஓடுவது இங்கிலீஷ் எழுத்து. அக்காவுக்கும் குழந்தைக்கும் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஊமைப் படக் காலத்தில் கொட்டகையில் ஒருவர் நின்று கதை சொல்லுவாராம். ஜப்பானில் அவருக்கு ‘பென்ஷி’ என்று பெயர். நான் அந்த உத்தியோகம் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1985-ல் ஹயாவோ மியாசாக்கி, இசாவோ தாக்காஹாத்தா என்ற இரண்டு டைரக்டர்களும், சுசுக்கி என்ற தயாரிப்பாளரும் சேர்ந்து ஆரம்பித்தது இது. ஜிப்ளி என்றால் சஹாராப் பாலைவனத்தில் வீசும் அனல் காற்று. இத்தாலிக்காரர்கள் ஒரு விமானத்துக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். விமானப் பைத்தியமான மியாசாக்கி அதை எடுத்துக்கொண்டார். அவருடைய குடும்பமே யுத்த காலத்தில் விமான உதிரிப் பாகங்கள் செய்த தொழிற்சாலைக் குடும்பம். இந்த இரண்டு பேரும் பழக்கமானது தோயே என்ற பெரிய சித்திரப்பட ஸ்டூடியோவில், அதுவும் தொழிற்சங்கத்தில். இருவரும் அங்கே சங்க நிர்வாகிகள். 1968-ல் தாக்காஹாத்தா டைரக்ட் செய்த முதல் படத்தில் ஒரு கிராமமே சேர்ந்து நின்று எதிரியை ஜயிக்கிறது. சங்கக் கூட்டத்தின் சூடு அந்தப் படத்தில் இருக்கிறது. இதை நான் சொன்னபோது அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது அவன் கூட்டாளிகள் சிலர் பந்தலில் இருந்தவர்கள்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

‘ஸ்பிரிட்டட் அவே’ 2001-ல் வந்தது. பெர்லின் விழாவில் தங்கக் கரடி, பிறகு ஆஸ்கார், ஜப்பானில் வசூலில் அதுவரை இருந்த எல்லாச் சாதனைகளும் முறியடிப்பு. சிஹிரோ என்ற பத்து வயதுப் பெண்ணின் தாய் தகப்பன் அந்நியர் வீட்டுச் சோற்றைக் கேட்காமல் தின்று பன்றிகளாகிவிடுகிறார்கள். தேவதைகள் வந்து குளித்துவிட்டுப் போகும் ஒரு பெரிய ஸ்நான விடுதியில் அவள் வேலைக்குச் சேருகிறாள். அதன் முதலாளியான கிழவி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்போதே பெண்ணின் பெயரில் முக்கால்வாசியைப் பிடுங்கிக்கொள்கிறாள். மிச்சம் இருப்பது ‘சென்’. ஜப்பானிய எழுத்தில் அதற்கு ஆயிரம் என்று அர்த்தம். பெயர் போய் நம்பர் வந்துவிட்டது! அக்கா மகன் இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, கழுத்தில் மாட்டும் ஐ.டி. கார்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். அதிலும் நம்பர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. அவன் கட்சியின் பலம் எனக்குப் புரிந்தது.

துர்நாற்றமும் சேறுமாக ஒரு தேவதை குளிக்க வருகிறதே, அந்தக் கட்டத்துக்கு ஈடாகச் சித்திரப் படங்களில் வேறொன்றை நான் கண்டதில்லை. அதன் விலாவில் முள் போல் குத்தி நிற்பதைக் கயிறு கட்டி எல்லோருமாக இழுக்கிறார்கள். வருவது ஒரு சைக்கிள். அதற்குப் பின்னால் குப்பை, குப்பை, குப்பை. அது ஓர் ஆறு. இவ்வளவு அருமையான படத்தில் எனக்கு என்ன மனக்குறை? பின் பாதி தளர்ந்துவிடுகிறது. பெண் ரயிலேறி இன்னொரு கிழவி வீட்டுக்குப் போகிறாள். தண்ணீருக்கு நடுவே ஓடும் அந்த ரயில் கண்ணைவிட்டுப் போகாத காட்சிதான். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு முடிச்சுகள் தாமாகவே அவிழ்ந்துகொள்கின்றன. நாவல் எழுதுகிறவனுக்கு இந்தத் தந்திரம் தெரியும். நானும் செய்திருக்கிறேன்.

‘டோட்டோரோ’ 1988-ல் வந்தது. 86 நிமிஷம். கதை என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தகப்பனும் இரண்டு பெண்களும் கிராமத்துக்குக் குடி வருகிறார்கள். பெரிய மரத்தில் ஒரு பூதம் இருக்கிறது. அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை. மழை பெய்கிற இரவில் அக்காளும் தங்கையும் பஸ் நிற்கும் இடத்தில் அப்பாவுக்காகக் குடையோடு காத்திருக்கிறார்கள். பஸ் வருகிறது, அப்பா வரவில்லை. தங்கை முதுகில் தூங்கிப் போகிறாள். பக்கத்தில் யாரோ வந்து நிற்கிறார்கள். குடைக்கு அடியிலிருந்து பார்த்தால் நகம் முளைத்த பெரிய பாதம்! வேறொருவர் கையில் இது பயமுறுத்தும் காட்சியாகியிருக்கும், அல்லது சிரிப்பாகியிருக்கும். மியாசாக்கி அந்தப் பூதத்தின் கையில் ஒரு குடையைக் கொடுத்துச் சும்மா நிற்க வைக்கிறார். மழைத் துளி குடையில் விழும் சத்தம் அதற்குப் பிடித்துவிடுகிறது. அவ்வளவுதான்.

ஒரு குழந்தை காத்திருப்பதை இவ்வளவு நேரம் பொறுமையாகக் காட்ட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? மியாசாக்கியின் தாயார் வருஷக் கணக்கில் க்ஷயரோகத்தோடு படுத்திருந்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்குத்தான் குழந்தைகள் எப்படிக் காத்திருக்கும் என்று தெரியும். எங்கள் குழந்தையும் அதைத்தான் கண்டுபிடித்தாள். அவள் அப்பா இரண்டாவது ஷிப்ட் பார்க்கிற வாரங்களில் வாசலில் உட்கார்ந்து கம்பெனி பஸ்ஸின் வெளிச்சம் திருப்பத்தில் தெரிகிறதா என்று பார்ப்பாளாம். படத்தில் பூனையே பஸ்ஸாக ஓடி வந்தபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. வர வேண்டியது வந்தது என்பது போல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

இந்த ‘டோட்டோரோ’வை முதன்முதலில் திரையிட்டபோது கூடவே இன்னொரு படத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். அது தாக்காஹாத்தாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. 1945-ல் குண்டு விழுந்த கோபே நகரத்தில் அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகும் கதை. ஒரே டிக்கட்டில் இரண்டும்! அதற்கு நான் இடம் எதுவும் கொடுக்கவில்லை. குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கும் படங்களின் வரிசை இது. அதை நான் தனியாக, வேறொரு நாள் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மூன்று கட்சியிலும் சேராத ஒரு படத்துக்காக நானே வக்காலத்துப் போட்டேன். 1989-ல் வந்த ‘கிகியின் டெலிவரி சர்வீஸ்’. பதின்மூன்று வயதுச் சூனியக்காரப் பெண், குல வழக்கப்படி வீட்டைவிட்டுத் தனியே பட்டணம் போய்ப் பிழைக்க வேண்டும். கையில் இருக்கும் வித்தை ஒன்றே ஒன்று, துடைப்பத்தில் பறப்பது. ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் தங்கி, பறந்து பறந்து பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஒரு நாள் மழையில் நனைந்தபடி, ஒரு பாட்டியம்மாள் பேத்தியின் பிறந்த நாளுக்காக ஆசையாய்ச் செய்த மீன் பணியாரத்தைக் கொண்டுபோகிறாள். பேத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்குகிறாள். கதவு மூடுகிறது. அன்றைக்குப் படுத்தவள் எழுந்தபோது பறக்க முடியவில்லை. தன் கறுப்புப் பூனை பேசுவதும் அவளுக்குப் புரியவில்லை. பிடித்த வித்தையே கூலி வேலையாக மாறியதும் வற்றிப் போகிறது என்ற இந்த உண்மையைக் குழந்தைகள் படத்தில் வைக்கிற தைரியத்தைப் பாருங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக ஒரு தங்கும் விடுதி திறந்தார்கள். 18,720 பேருக்குப் படுக்கை. தெற்கே எங்கெங்கிருந்தோ ஒரு பெட்டியோடு வந்து இறங்கும் பெண்கள். சாயங்காலம் சாலையோரக் கடைகளில் அவர்கள் பூவும் ரீசார்ஜும் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரையும் கூட்டி உட்கார வைத்துக் காட்ட வேண்டிய படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

‘பிரின்சஸ் மோனோநோக்கே’ 1997-ல் வந்தது. காட்டை அழித்து இரும்பு உருக்கும் ஊர், அதை எதிர்க்கும் வன தேவதைகள். இரும்பூரின் தலைவி எபோஷி கெட்டவள் அல்ல. விலை போன பெண்களை மீட்டுவந்து துருத்தி மிதிக்கும் கௌரவமான வேலை கொடுத்தவள்; தொழுநோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றியவள். இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்ததற்கே மியாசாக்கிக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் கை வெட்டும் தலை வெட்டும் அதிகம். குழந்தையைப் பாதியில் வெளியே அனுப்பிவிட்டோம்.

இப்போது அக்காவின் படம். ‘பொம் போக்கோ’. தாக்காஹாத்தா டைரக்ட் செய்தது, 1994. தனுக்கி என்பது ஜப்பான் காட்டில் இருக்கும் ஒரு பிராணி. நாயும் இல்லை, நரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தினுசு. அது நினைத்த உருவம் எடுக்கும் என்பது அவர்கள் நாட்டு ஐதீகம். நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் கேட்ட நமக்கு இதை நம்பச் சிரமமே இல்லை. அங்கேயாவது மாற்றுவதற்குச் சிவபெருமான் வேண்டியிருந்தது. தனுக்கிகள் தாமே மாறிக்கொள்கின்றன. தோக்கியோவுக்கு மேற்கே தாமா குன்றுகளை வெட்டிச் சமன் செய்து, 1960-களில் ஒரு புது நகரம் கட்ட ஆரம்பித்தார்கள். இது நிஜமாக நடந்தது. குன்றும் வயலும் போகப் போக, அங்கே வாழ்ந்த தனுக்கிகள் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, மாறு வேஷம் போட்டு மனிதர்களைப் பயமுறுத்தப் பார்க்கின்றன. கதை இதுதான்.

ஒரு சங்கடத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண் தனுக்கிகள் தம் உடம்பில் ஒரு பாகத்தைப் பாய் போல் விரித்துப் பறக்கின்றன. எந்தப் பாகம் என்று எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். இங்கிலீஷில் பேசவைத்தவர்கள் அதைப் ‘பை’ என்று சொல்லிச் சமாளித்தார்கள். பென்ஷியாகிய நான் “அது அதுங்களோட தோல்” என்றேன். அக்கா, “ஊர் நாட்டுல ஆடு மாடு பாக்காதவளா நானு? சொல்லு தம்பி” என்று சிரித்தாள்.

முதல் தடவை பார்த்தபோது இந்தப் படத்துக்கு நான் நாலாவது இடம்தான் கொடுத்தேன். காரணங்களும் சொன்னேன். நீளம், ஒரு நிமிஷம் குறைய இரண்டு மணி நேரம். பின்னாலிருந்து ஒரு குரல் ஓயாமல் கதை சொல்கிறது; காட்ட வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்க்கிறது. கதாநாயகன் என்று ஒருவனைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. ஒரு யோசனை, அது தோல்வி, மறுபடி கூட்டம், மறுபடி யோசனை. தூரத்துத் தீவிலிருந்து பெரியவர்களை அழைத்துவந்து, நடு நகரத்தில் பூத ஊர்வலம் நடத்துகின்றன. ஜனங்கள் வேடிக்கை பார்த்துக் கை தட்டுகிறார்கள். மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்காவின் முதலாளி, “அது எங்கள் விளம்பரம்” என்று சொந்தம் கொண்டாடிவிடுகிறான். இப்படி முன்னேறாத கதையைக் கட்டுக்கோப்பு என்று எப்படிச் சொல்வது?

அக்கா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “டோட்டோரோவுல புள்ளைங்களுக்கு எங்க போவணும்னு தெரியுது, ஆஸ்பத்திரிக்கு. நீ சொன்ன அந்தச் சூனியக்காரப் பொண்ணுக்கும் தெரியுது. இதுங்களுக்கு எங்க போவறதுன்னு தெரியல. அதான் கூடிக் கூடிப் பேசுதுங்க. நாங்க பேசலியா? எத்தினி நாளு பேசனோம் ஏரிக்கரையில!”

அக்காவின் மாமனார் நிலம் மூன்று ஏக்கர் தொழிற்பேட்டைக்குள் போயிற்று. பணம் வந்தது. மெத்தை வீடு வந்தது. பிற்பாடு மகனுக்கு வேலையும் வந்தது. அக்கா குறை சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. ஊர் கூடிப் பேசினார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பரந்தூர்ப் பக்கம் 2022-லிருந்து ஏகனாபுரத்து ஜனங்கள் விமான நிலையம் வேண்டாம் என்று கூடிப் பேசிக்கொண்டிருப்பதைப் பத்திரிகையில் படித்த எனக்கு, சொந்த அக்கா வீட்டு வாசலில் நடந்தது தெரியாமல் போயிற்று.

படத்தை மறுபடியும் போடச் சொன்னேன். இந்தத் தடவை அந்தக் கூட்டங்களைக் கவனித்துப் பார்த்தேன். மனிதர்களை ஒட்டுமொத்தமாகத் துரத்திவிடலாம் என்று சிலது கர்ஜிக்கின்றன. அப்படித் துரத்திவிட்டால் தின்பதற்கு வறுவலும் ரொட்டியும் யார் செய்வார்கள் என்று வேறு சில கவலைப்படுகின்றன. உடனே எல்லாம் ஜொள்ளு விட்டு, துரத்தலின் வேகம் குறைந்துவிடுகிறது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மகன் மட்டும் சிரிக்கவில்லை. “கம்பெனி கேன்டீன் ஞாபகம் வருது மாமா” என்றான்.

எல்லாம் தோற்ற பிறகு, மிச்சமிருக்கும் பலத்தையெல்லாம் சேர்த்துக் கடைசியாக ஒரு மாயம் செய்கின்றன. அடுக்கு மாடிகள் மறைகின்றன. பழைய குன்று, கூரை வீடு, வயலில் வேலை செய்கிறவர்கள், விளையாடும் குழந்தைகள், எல்லாம் திரும்பி வருகின்றன. தாங்களே உண்டாக்கிய மாயம் என்று தெரிந்தும் தனுக்கிகள் அதற்குள் ஓடுகின்றன. அவ்வளவுதான், கலைந்துவிடுகிறது. அக்கா எழுந்து டி.வி.க்கு அருகில் போய் நின்றாள். “அங்க களம் இருக்குது பாரு” என்றாள். ஜப்பானில் களம் இருந்ததோ என்னவோ. அவள் காட்டிய இடத்தில் மண் நிறமாக ஏதோ இருந்தது.

அதற்கப்புறம் உருவம் மாறத் தெரிந்த தனுக்கிகள் மனிதர்களாகவே மாறி, கோட்டுப் போட்டுக்கொண்டு ரயிலில் இடிபட்டு ஆபீஸ் போகின்றன. களைப்பில் வேஷம் கலைந்துவிடாமல் இருக்க, குப்பி மருந்து வாங்கிக் குடிக்கின்றன. மாறத் தெரியாதவை என்ன ஆயின என்பதையும் படம் ஒளிக்கவில்லை. நான் குறை என்று எழுதி வைத்திருந்த அந்தப் பின்னணிக் குரல் இங்கேதான் எனக்கு விளங்கிற்று. மாறிப் போனவன் பழைய கதையைச் சொல்கிற குரல் வேறு எப்படி இருக்கும்? அவன் சொல்லத்தான் முடியும். காட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆகவே முதல் இடம் ‘பொம் போக்கோ’வுக்கு. நீளம் நீளம்தான், அதை நான் வாபஸ் வாங்கவில்லை. இரண்டாவது ‘டோட்டோரோ’. மூன்றாவது கிகி. பரிசுகளையெல்லாம் வாங்கிய ‘ஸ்பிரிட்டட் அவே’ நாலாவது. அக்கா மகன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஐந்தாவது ‘மோனோநோக்கே’.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘போன்யோ’வில் கடல் அலைகள் அபாரம், கதை குழந்தைக்கு மட்டும். பன்றி முகத்து விமானி கதையான ‘போர்க்கோ ரொஸ்ஸோ’வை நடு வயது ஆண்கள் தனியாகப் பார்த்து ரசிக்கலாம். மியாசாக்கியின் மகன் 2006-ல் எடுத்த ‘எர்த்ஸீ’ கடைசி இடம். இதில் மட்டும் மூன்று கட்சிக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

பட்டியலை அக்கா மகன் ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். போன வாரம் போனபோது பார்த்தேன். இரண்டு என்ற எண்ணைக் குழந்தை பச்சை கிரேயானால் அடித்துவிட்டு ஒன்று என்று போட்டிருக்கிறாள். மேலே இருக்கும் ஒன்றை அப்படியே விட்டிருக்கிறாள். கேட்டதற்கு, “அது ஆயாவோடது” என்றாள்.